காகத்திடமிருந்து குதிரைக்கு வரும், குதிரையிடமிருந்து யாருக்கும் போகாது

ஒரு லாயத்தில் பத்துக் குதிரைகள் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அதில் ஒன்றை வெஸ்ட் நைல் வைரஸ் தாக்கிவிட்டது. பின்னங்கால்கள் தள்ளாடுகின்றன, மூக்கையும் உதட்டையும் சுற்றியுள்ள தசைகள் துடிக்கின்றன, அப்புறம் படுத்த குதிரை எழ முடியாமல் கிடக்கிறது. லாயம் முழுக்கக் கொசு. பக்கத்தில் நிற்கும் ஒன்பது குதிரைகளுக்கும் இதனிடமிருந்து நோய் தொற்றுமா?

தொற்றாது. இந்தக் குதிரையைக் கடித்த கொசு பிறகு அடுத்த குதிரையைக் கடித்தாலும் தொற்றாது. தண்ணீர் காட்டி, உடம்பைத் துடைத்துவிடுகிற ஆளுக்கும் தொற்றாது. ஆனால் வெளியே மரத்தில் வந்து அடையும் காகத்திடமிருந்தோ, கூரை இடுக்கில் கூடு கட்டிய குருவியிடமிருந்தோ ஒரு கொசு கொண்டுவந்தால், பத்துக் குதிரைகளில் எதற்கும் வரலாம், அந்த ஆளுக்கும் வரலாம்.

கொசுவால் வரும் நோய் என்றதும் நம் மனதில் டெங்குவோ மலேரியாவோ வந்து நிற்கும். அவற்றில் நோயாளியைக் கடித்த கொசுதான் அடுத்தவருக்கு நோயைக் கொண்டுபோகிறது. எல்லாக் கொசு நோயும் இப்படித்தான் என்று நினைத்துவிடுகிறோம். வெஸ்ட் நைல் அப்படியில்லை. இது பறவைகளின் வைரஸ். பறவைக்கும் கொசுவுக்கும் இடையில் சுற்றிக்கொண்டிருப்பதுதான் இதன் பிழைப்பு. குதிரையும் மனிதனும் அந்தச் சுற்றுக்கு வெளியே நிற்பவர்கள். வழி தவறி நம்மிடம் வந்தால் நம்மைக் கொல்லவும் செய்யும், ஆனால் நம்மிடமிருந்து வேறெங்கும் போக அதற்கு வழியில்லை. இது ஏன் என்பதுதான் இந்தக் கட்டுரை. காரணம் ஒரு சின்னக் கணக்கில் இருக்கிறது.

ஒரு சொட்டை விடச் சிறிய ரத்தம்

கொசு ஒரு தடவை வயிறு நிறையக் குடிக்கும் ரத்தம் சில மைக்ரோ லிட்டர்தான். கணக்குக்கு மூன்று என்று வைத்துக்கொள்வோம். ஒரு மில்லி லிட்டரில் 1,000 மைக்ரோ லிட்டர் இருக்கிறது. அப்படியானால் கொசு குடிப்பது ஒரு மில்லி லிட்டரில் ஆயிரத்தில் மூன்று பங்கு.

நோய் முற்றிய அமெரிக்கக் காகத்தின் ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தில் 100 கோடி வைரஸ் துகள்கள்கூட இருக்கும். அதைக் கடித்த கொசுவின் வயிற்றுக்குள் ஒரே கடியில் 30 லட்சம் துகள்கள் போகின்றன. குதிரைக்கு வருவோம். ஆய்வுக்கூடத்தில் குதிரைகளுக்கு இந்த வைரஸை ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள். ரத்தத்தில் வைரஸ் உச்சத்தில் இருந்தபோதும் மில்லி லிட்டருக்கு ஆயிரத்தை ஒட்டித்தான் நின்றது. கொசுவின் பங்குக்கு மூன்று துகள்கள் கிடைத்தால் பெரிது.

கொசுவுக்குத் தொற்ற மூன்று போதாது. கொசுவின் குடலுக்கும் தடுப்பு உண்டு. குடித்த ரத்தத்தோடு வந்த வைரஸ் குடல் சுவரின் செல்களுக்குள் நுழைய வேண்டும், அங்கே பெருக வேண்டும், பிறகு சுவரைத் தாண்டி உடலுக்குள் பரவ வேண்டும். பெரும்பாலான துகள்கள் இந்த வழியில் தோற்றுப்போய் ரத்தத்தோடு செரித்துவிடுகின்றன. அதனால் பொதுவாக மில்லி லிட்டருக்கு ஒரு லட்சம் துகள்களாவது இருக்கிற ரத்தம்தான் கொசுவைத் தொற்றவைக்கும் என்று சொல்வார்கள். கொசு இனத்துக்கு இனம் இந்த அளவு மாறும், ஆனாலும் குதிரை அந்தக் கோட்டுக்கு வெகு கீழே நிற்கிறது, காகம் வெகு மேலே நிற்கிறது. மனிதனும் குதிரையின் பக்கம்தான். நம் ரத்தத்திலும் இந்த வைரஸ் கொஞ்ச நாள், கொஞ்ச அளவில்தான் இருக்கும்.

ஒரு நோய்க்கிருமி தங்கி வாழும் உயிரை ஓம்புயிரி என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். வைரஸைப் பெருக்கிக் கொசுவிடம் திருப்பிக் கொடுக்கும் பறவை, பெருக்கும் ஓம்புயிரி. வாங்கிக்கொண்டு திருப்பிக் கொடுக்க முடியாத குதிரையும் மனிதனும் இறுதி ஓம்புயிரிகள்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எவ்வளவு கடுமையாக நோய்ப்படுகிறது என்பதும் எவ்வளவு பரப்புகிறது என்பதும் வேறு வேறு. செத்துப்போகும் குதிரை பரப்புவதில்லை. நோய்ப்பட்டதே வெளியில் தெரியாமல் பறந்து திரியும் குருவி பரப்புகிறது. கோழியை எடுத்துக்கொண்டால் இரண்டும் இல்லை. அதன் ரத்தத்தில் வைரஸ் பெரிதாகப் பெருகுவதுமில்லை, அதற்கு உடம்புக்கு முடியாமல் போவதுமில்லை, வைரஸை எதிர்த்து உடம்பு தயாரிக்கும் எதிர்ப்புப் பொருள் மட்டும் உண்டாகும். இந்தக் குணத்தை அமெரிக்காவில் நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறார்கள். ஃப்ளோரிடா, கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் ஊருக்கு வெளியே கூண்டில் கோழிகளை வைத்து அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். எதிர்ப்புப் பொருள் தென்பட்டால் அந்த வட்டாரக் கொசுக்களிடம் வைரஸ் வந்துவிட்டது என்று அர்த்தம். கோழிக்கும் ஆபத்தில்லை, கோழியால் ஊருக்கும் ஆபத்தில்லை.

நியூயார்க், 1999

வெஸ்ட் நைல் என்பது உகாண்டாவில் ஒரு பகுதி. 1937-இல் அங்கே காய்ச்சலில் இருந்த ஒரு பெண்ணின் ரத்தத்திலிருந்து முதன்முதலில் பிரித்தெடுத்ததால் வைரஸுக்கு அந்தப் பெயர். 1950-களில் எகிப்திலும் இஸ்ரேலிலும் இதை ஆராய்ந்தவர்கள் பறவை, கொசு, மனிதன் என்ற தொடர்பை ஓரளவு கண்டுபிடித்துவிட்டார்கள். 1996-இல் ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் நூற்றுக்கணக்கானவர்களுக்கு மூளையையும் நரம்பையும் பாதித்த பெரிய தொற்று வந்தது. ஆனாலும் அட்லாண்டிக் பெருங்கடலுக்கு மேற்கே இந்த வைரஸ் வந்ததாகப் பதிவே இல்லை, 1999 வரை.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 23. நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் உள்ள ஃப்ளஷிங் மருத்துவமனையின் தொற்றுநோய் மருத்துவர் டெபோரா ஆஸ்னிஸ் நகரச் சுகாதாரத் துறைக்குத் தகவல் சொன்னார். மூளை அழற்சியோடு விநோதமான தசைத் தளர்ச்சியும் உள்ள வயதான நோயாளிகள் வந்திருக்கிறார்கள் என்றார். விசாரித்தபோது இன்னும் சிலர் அகப்பட்டார்கள். எல்லோரும் குவீன்ஸில் ஒரே வட்டாரத்துக்காரர்கள், நோய் வருவதற்கு முன் நன்றாக இருந்தவர்கள், வீட்டுத் தோட்டத்திலோ வாசலிலோ நேரம் கழித்தவர்கள். அவர்கள் வீட்டுப் பக்கம் போய்ப் பார்த்தவர்கள் தேங்கிய தண்ணீரில் கியூலெக்ஸ் கொசுப் புழுக்களைக் கண்டார்கள்.

ரத்தச் சோதனை செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சல் என்றது. அமெரிக்காவில் ஏற்கெனவே இருக்கும் கொசு நோய் அது. செப்டம்பர் 3 அன்று அப்படியே அறிவித்து, நகரம் கொசு மருந்து தெளிக்கத் தொடங்கியது.

இதே கோடையில் அதே நகரத்தில் காகங்கள் செத்து விழுந்துகொண்டிருந்தன. பிராங்க்ஸ் உயிரியல் பூங்காவின் நோயியல் நிபுணர், கால்நடை மருத்துவர் டிரேசி மெக்னமாரா, அவற்றை அறுத்துப் பார்த்தார். மூளையில் ரத்தக்கசிவு, இதயத்தில் அழற்சி. செப்டம்பர் தொடக்கத்தில் பூங்காவுக்குள்ளேயே பறவைகள் சாக ஆரம்பித்தன. பூநாரைகள், நீர்க்காகம், ஆந்தை என்று பல வகை.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அவர் அடுத்து யோசித்த விதம். எவை சாகின்றன என்று மட்டும் அவர் பார்க்கவில்லை, எவை சாகவில்லை என்றும் பார்த்தார். பூங்காவின் கோழிகள் நன்றாக இருந்தன. பறவைக் காய்ச்சலோ ராணிக்கெட்டோ வந்திருந்தால் கோழிதான் முதலில் விழும். ஈமுக்கள் நன்றாக இருந்தன. குதிரைகளையும் பறவைகளையும் தாக்குகிற இன்னொரு அமெரிக்கக் கொசு நோய் உண்டு, கிழக்குக் குதிரை மூளைக்காய்ச்சல் என்று பெயர். அது வந்தால் ஈமு பிழைக்காது. ஆக இவை எதுவுமில்லை. மனிதர்களுக்கு வந்திருப்பதாகச் சொல்லும் செயின்ட் லூயிஸ் மூளைக்காய்ச்சலும் இருக்க முடியாது, ஏனென்றால் அது பறவைகளுக்குள் சுற்றினாலும் பறவைகளைக் கொல்வதில்லை. ஒரே நகரம், ஒரே மாதம், மனித மூளையிலும் பறவை மூளையிலும் அழற்சி. இரண்டும் ஒரே நோயாக இருந்தால், மனிதர்களுக்கு எழுதிய நோயின் பெயர் தவறு.

அவர் சொன்னதை எடுத்தவுடன் எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை. மனித நோயைப் பார்ப்பவர்கள் ஒரு பக்கம், விலங்கு நோயைப் பார்ப்பவர்கள் ஒரு பக்கம், இரண்டு பக்கமும் பேசிக்கொள்ள வழக்கமான பாதையே அப்போது இல்லை. அவர் மாதிரிகளை அரசின் கால்நடை ஆய்வகத்துக்கும் ராணுவ ஆய்வகத்துக்கும் அனுப்பினார். இதற்கிடையில் இறந்துபோன நோயாளிகளின் மூளைத் திசுவைக் கலிஃபோர்னியாவில் இயன் லிப்கினின் ஆய்வகம் மரபணு முறையில் சோதித்துக்கொண்டிருந்தது. செப்டம்பர் கடைசியில் எல்லா முடிவுகளும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. வெஸ்ட் நைல். முந்தைய ஆண்டு இஸ்ரேலில் ஒரு வாத்திடமிருந்து எடுத்த வைரஸோடு அது ஏறத்தாழ அச்சாக ஒத்துப்போனது.

முதல் சோதனை ஏன் தவறான பெயரைச் சொன்னது? வெஸ்ட் நைல், செயின்ட் லூயிஸ், டெங்கு, ஜிகா, மஞ்சள் காய்ச்சல், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் எல்லாம் ஒரே குடும்பத்து வைரஸ்கள். ரத்தச் சோதனை வைரஸைத் தேடுவதில்லை, அதை எதிர்த்து உடம்பு தயாரித்த எதிர்ப்புப் பொருளைத் தேடுகிறது. அண்ணனைத் தேடிப் போனவர் முகச்சாயலைப் பார்த்துத் தம்பியைப் பிடித்துவந்தது போல, ஒன்றுக்கு உண்டான எதிர்ப்புப் பொருள் இன்னொன்றின் சோதனையிலும் ஒட்டிக்கொள்ளும். வெஸ்ட் நைலைத் தேடிப் பார்க்க அன்று யாருக்கும் காரணமும் இருக்கவில்லை.

அந்த ஆண்டு நியூயார்க் வட்டாரத்தில் 62 பேருக்கு நோய் உறுதியானது, 7 பேர் இறந்தார்கள். லாங் ஐலண்டின் கிழக்குப் பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட குதிரைகள் நரம்பு பாதித்துத் தள்ளாடின, அவற்றில் பல பிழைக்கவில்லை. வைரஸ் கடலைத் தாண்டி எப்படி வந்தது என்பதற்கு இன்றுவரை உறுதியான விடை கிடையாது. நோயுள்ள பறவையோடு வந்திருக்கலாம், விமானத்தில் ஏறிய கொசுவோடு வந்திருக்கலாம்.

குளிர்காலம் வந்தால் கொசு ஒழியும், நோயும் ஒழியும் என்று எதிர்பார்த்தார்கள். 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், நடுக்குளிரில், நியூயார்க்கில் இருட்டான கட்டடங்களுக்குள் ஒடுங்கிக் கிடந்த கியூலெக்ஸ் கொசுக்களைப் பிடித்துச் சோதித்தபோது வைரஸ் அவற்றில் உயிரோடு இருந்தது. அதோடு அந்த எதிர்பார்ப்பு முடிந்தது. 2002-இல் அமெரிக்கா முழுக்க 4,156 மனித நோயாளிகள், 284 மரணங்கள். குதிரைகளுக்கு அதுதான் மிக மோசமான ஆண்டு, ஏறத்தாழ 15,000 குதிரைகள் நோய்ப்பட்டன. 2003-இல் வைரஸ் கலிஃபோர்னியாவைத் தொட்டுவிட்டது. நான்கே ஆண்டுகளில் ஒரு கரையிலிருந்து மறுகரை. மனிதனிடமிருந்து மனிதனுக்குத் தொற்றாத நோய் இவ்வளவு வேகமாகப் போனதற்குக் காரணம், வைரஸைச் சுமந்தவை இறக்கையுள்ளவை.

கொசுவுக்குள் நடப்பது

நல்ல அளவு வைரஸ் உள்ள பறவை ரத்தத்தை ஒரு பெண் கொசு குடித்துவிட்டது. (ஆண் கொசு கடிக்காது. முட்டைக்குப் புரதம் தேவைப்படும் பெண்தான் ரத்தம் தேடி வரும்.) உடனே அடுத்த உயிரைக் கடித்தால் ஒன்றும் ஆகாது. குடல் சுவரைத் தாண்டி, உடல் திரவத்தில் கலந்து, உமிழ்நீர்ச் சுரப்பியை எட்டி, அங்கேயும் பெருகினால்தான் அந்தக் கொசு பரப்பத் தயார். இதற்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம்வரை ஆகும். பிறகு சாகும்வரை ஒவ்வொரு கடியிலும் உமிழ்நீரோடு வைரஸும் போகும்.

கொசுவின் ஆயுளோ சில வாரங்கள்தான். பெரும்பாலான கொசுக்கள் வைரஸ் முற்றுமுன்னே செத்துப்போகும். இங்கேதான் வெயில் வந்து புகுகிறது. வெப்பம் கூடினால் கொசுவுக்குள் வைரஸ் வேகமாகப் பெருகும், காத்திருப்புக் காலம் சுருங்கும். இரண்டு மூன்று நாள் சுருங்கினாலே போதும், உயிரோடிருந்து பரப்பும் கொசுக்களின் எண்ணிக்கை கூடிவிடும். கடும் வெயில் அடித்த ஆண்டுகளில் இந்த நோய் தலைதூக்குவது இதனால்தான். 2012-இல் அமெரிக்காவில் 286 பேர் இறந்தார்கள், டெக்ஸாஸின் டல்லஸ் வட்டாரம் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டது. அந்தக் கோடை சுட்டெரித்த கோடை.

மழை அதிகமானால் கொசு அதிகம் என்பதும் இங்கே நேராகப் பொருந்தாது. இந்த வைரஸைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு விரும்புவது அழுக்குத் தண்ணீர். சாக்கடை, தெருவோர வடிகால் தொட்டி, அழுகிய இலை ஊறிய தேக்கம் போன்றவைதான் அதற்கு இஷ்டம். நூறு, இருநூறு முட்டைகளை ஒன்றோடொன்று ஒட்டித் தெப்பம் போல மிதக்கவிடும். பெருமழை இவற்றைக் கழுவிக்கொண்டு போய்விடும். வறட்சியில்தான் வடிகாலில் தண்ணீர் ஓடாமல் தேங்கிக் கெட்டுப்போகும். மிச்சமிருக்கும் சில நீர்நிலைகளைத் தேடிப் பறவைகளும் கொசுக்களும் ஒரே இடத்தில் கூடும். வைரஸுக்கு அதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது.

பறவையை விட்டு நம்மிடம் ஏன் வருகிறது

அமெரிக்காவில் வசந்த காலத்தில் கையளவு கொசுக்களிடம்தான் வைரஸ் இருக்கும். அப்போது பறவைகள் குஞ்சு பொரிக்கின்றன. போன ஆண்டு தொற்றிப் பிழைத்த பறவைகளுக்கு எதிர்ப்புச் சக்தி உண்டு, புதுக் குஞ்சுகளுக்குக் கிடையாது. கொசு, குஞ்சு, கொசு என்று சுற்றுச் சுற்றாக வைரஸ் பெருகும். கோடை முழுக்க இது நமக்குத் தெரியாமலே நடக்கும். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும்தான் மருத்துவமனைக்கு ஆட்கள் வருவார்கள்.

ஏன் அப்போது? கொசுக்களில் வைரஸ் அதற்குள் நன்றாகப் பரவிவிட்டது என்பது ஒரு காரணம். இன்னொன்று சுவாரசியமானது. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் முக்கியப் பரப்பாளியான கியூலெக்ஸ் பிப்பியன்ஸ் கொசுவுக்கு அமெரிக்க ராபின் என்ற பறவையின் ரத்தம் மிகவும் பிடித்தம். வாஷிங்டன், மேரிலாந்துப் பகுதியில் கொசுக்களைப் பிடித்து, வயிற்றிலிருந்த ரத்தம் யாருடையது என்று மரபணுவை வைத்துப் பார்த்தார்கள். அங்கிருந்த பறவைகளில் ராபின்கள் சொற்பம். ஆனால் கோடைத் தொடக்கத்தில் கொசு குடித்த ரத்தத்தில் பாதியளவு ராபினுடையது. கோடை முடிய, இனப்பெருக்கம் முடிந்த ராபின்கள் அந்த இடத்தை விட்டுக் கலைந்தன. கொசுக்கள் மனிதர்களைக் கடிப்பது அப்போது பல மடங்கு கூடியது. 2006-இல் வந்த ஆய்வு இது. காகம் கூட்டமாகச் செத்ததால் எல்லோர் கண்ணும் காகத்தின் மேல் இருந்தது. சாகாமல், சத்தமில்லாமல், தோட்டத்துப் புல்லில் மண்புழு தேடிக்கொண்டிருந்த ராபினுக்குப் பரப்பலில் பெரிய பங்கு இருந்திருக்கிறது.

பறவையையும் பாலூட்டியையும் ஒருசேரக் கடிக்கும் கொசு இல்லையென்றால் வைரஸ் பறவை உலகத்தை விட்டு வெளியே வராது. அமெரிக்காவின் மேற்கில் கியூலெக்ஸ் டார்சாலிஸ், தெற்கில் கியூலெக்ஸ் குவின்குஃபேசியேட்டஸ் இந்த வேலையைச் செய்கின்றன. இந்தக் கடைசிப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நம் ஊருக்கு வரும்போது தேவைப்படும்.

வந்தபின் என்ன செய்யும்

தொற்றிய பத்து மனிதர்களில் எட்டுப் பேருக்கு ஒன்றுமே தெரியாது. ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் காய்ச்சல், தலைவலி, உடல்வலி, சிலருக்குத் தடிப்பு. 150 பேரில் ஒருவருக்குத்தான் வைரஸ் நரம்பு மண்டலத்தில் புகுந்து மூளை அழற்சி, மூளையுறை அழற்சி, அல்லது போலியோ போன்ற கை கால் தளர்ச்சி வரும். அப்படிக் கடுமையானவர்களில் பத்தில் ஒருவர் இறக்கிறார். பிழைத்தவர்களில் பலருக்குத் தளர்ச்சியும் மறதியும் மாதக்கணக்கில் நீடிக்கும், சிலருக்குத் தீராமலே போகும். அறுபது வயது தாண்டியவர்களுக்கு ஆபத்து அதிகம். இதற்கென்று தனி மருந்து இல்லை. உடம்பு தானாக மீளும்வரை தாங்கிப் பிடிக்கும் சிகிச்சைதான்.

குதிரைகளிலும் பெரும்பாலானவற்றுக்கு அறிகுறி தெரியாது. ஆனால் நரம்பு பாதித்துத் தள்ளாடத் தொடங்கியவற்றில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று சாகிறது. குதிரைக்குத் தடுப்பூசி உண்டு. 2001-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, அதன்பின் குதிரை நோயாளிகளின் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்தது. அழிவின் விளிம்பில் இருந்த கலிஃபோர்னியாப் பிணந்தின்னிக் கழுகுகளுக்கும், வைரஸ் வந்து சேர்வதற்குள் தடுப்பூசி போட்டார்கள். மனிதர்களுக்கு இன்னும் தடுப்பூசி இல்லை. எந்த ஆண்டு, எந்த ஊரில் நோய் வெடிக்கும் என்று முன்கூட்டியே தெரியாததால், தடுப்பூசியை ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதித்துப் பார்ப்பதே பெரும்பாடு.

சரி, எல்லாக் குதிரைக்கும் ஊசி போட்டுவிட்டால் அந்த வட்டார மனிதர்களுக்கு ஆபத்து குறையுமா? இதற்குள் விடையை ஊகித்திருப்பீர்கள். துளியும் குறையாது. ஊசி அந்தக் குதிரையை மட்டும் காப்பாற்றும், ஏனென்றால் குதிரை பரப்புவதே இல்லை. அதேபோல நோய்ப்பட்ட குதிரையைக் கொல்வதோ ஒதுக்கி வைப்பதோ யாரையும் காப்பாற்றாது. இது புரியாமல் பயத்தில் விலங்குகளைத் துன்புறுத்தினால் அது வீண் கொடுமை. ஒரு எச்சரிக்கை மட்டும் வேண்டும்: நரம்பு பாதித்த குதிரைக்கு வெறிநோயாகவும் இருக்கலாம், அதனால் கால்நடை மருத்துவர் பார்த்துச் சொல்லும்வரை வாயருகே வெறுங்கையோடு போகக் கூடாது.

மனிதனிடமிருந்து பரவாது என்பதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. அதையும் கணக்கே விளக்கிவிடும். கொசு எடுப்பது மூன்று மைக்ரோ லிட்டர், ரத்ததானத்தில் ஏற்றுவது நூற்றுக்கணக்கான மில்லி லிட்டர். ரத்தத்தில் வைரஸ் கொஞ்சமாக இருந்தாலும் மொத்தமாகப் போகும்போது போதுமானதாகிவிடும். 2002-இல் அமெரிக்காவில் ரத்தம் ஏற்றியதன் வழியாக 23 பேருக்குத் தொற்றியது உறுதியானது. உறுப்பு மாற்றின் வழியாகவும் தொற்றியது. அடுத்த ஆண்டிலிருந்து தானம் கிடைக்கும் ரத்தத்தை வைரஸின் மரபணுவுக்காகச் சோதிக்க ஆரம்பித்தார்கள்.

நம் பக்கம்

இந்தியாவுக்கு இந்த வைரஸ் புதிதில்லை. 1952-லேயே மும்பையில் மனித ரத்தத்தில் இதன் எதிர்ப்புப் பொருளைக் கண்டிருக்கிறார்கள். அண்மைக் காலத்தில் கேரளத்தில்தான் அதிகம் பேசப்படுகிறது. 2011-இல் ஆலப்புழையில் நோயாளிகள், 2019-இல் மலப்புரத்தில் ஒரு சிறுவனின் மரணம், 2024 மே மாதம் கோழிக்கோடு, மலப்புரம் பகுதிகளில் மறுபடியும் நோயாளிகள். அப்போது தமிழ்நாட்டின் எல்லை மாவட்டங்களிலும் கண்காணிப்பைக் கூட்டினார்கள்.

செய்தித்தாளில் படித்ததும், கேரளத்திலிருந்து வரும் ஆளிடமிருந்து ஒட்டிக்கொள்ளுமோ என்று பயந்தவர்கள் உண்டு. மேலே பார்த்த கணக்கு அந்தப் பயத்துக்குப் பதில். நோயாளியைக் கடித்த கொசுவால் நமக்கு வராது, நோயாளி தும்மினாலும் தொட்டாலும் வராது. கவனிக்க வேண்டியது கொசுவையும், ஓரிடத்தில் திடீரென்று செத்து விழும் பறவைகளையும். அப்படிப் பறவைகள் விழுந்தால் வெறுங்கையால் தொடாமல் கால்நடைத் துறைக்கோ சுகாதாரத் துறைக்கோ சொல்லிவிட வேண்டும். ஆனால் பறவை சாகவில்லை என்பதால் வைரஸ் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. பல தலைமுறைகளாக இந்த வைரஸோடு வாழ்ந்து பழகிய ஆப்பிரிக்க, ஆசியப் பறவைகள் பொதுவாக அமெரிக்கக் காகங்களைப் போலக் கொத்துக் கொத்தாகச் சாவதில்லை.

இதே குடும்பத்து ஜப்பானிய மூளைக்காய்ச்சல் நமக்கு இன்னும் நெருக்கமானது. இந்தியாவில் அதை முதலில் அடையாளம் கண்டது 1955-இல், வேலூரில். வயல் நீரில் வளரும் கியூலெக்ஸ் கொசு அதைப் பரப்புகிறது, கொக்கும் நாரையும் சுமக்கின்றன. குதிரையும் மனிதனும் அங்கேயும் இறுதி ஓம்புயிரிகள்தான். ஒரே ஒரு பெரிய வேறுபாடு பன்றி. வெஸ்ட் நைலைப் பொறுத்தவரை பன்றிக்கு முக்கியத்துவம் இல்லை, ஜப்பானிய மூளைக்காய்ச்சலில் பன்றியின் ரத்தத்தில் வைரஸ் ஏராளமாகப் பெருகும். அதனால்தான் அந்த நோய் உள்ள ஊர்களில் பன்றிகளைக் குடியிருப்பிலிருந்து தள்ளி வளர்க்கச் சொல்கிறார்கள். அதற்கு மனிதர்களுக்கே தடுப்பூசியும் இருக்கிறது, நோயுள்ள மாவட்டங்களில் குழந்தைகளுக்கு அரசே போடுகிறது.

கியூலெக்ஸ் குவின்குஃபேசியேட்டஸை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? யானைக்கால் நோயைப் பரப்பியதும், ராத்திரி காதருகே ரீங்காரம் போட்டு நம் தூக்கத்தைக் கெடுப்பதும் அதே கொசுதான். டெங்குவுக்காக நமக்குச் சொல்லித் தந்த பழக்கங்கள் இதற்குப் பாதிதான் உதவும். டெங்குக் கொசு பகலில் கடிக்கும், தொட்டியிலும் டயரிலும் தேங்கும் நல்ல தண்ணீரில் வளரும். கியூலெக்ஸ் அந்தி சாய்ந்ததிலிருந்து விடியும்வரை கடிக்கும், சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் வளரும். ஆகவே குடத்தை மூடி வைத்ததோடு நிறுத்திவிடாமல், செப்டிக் டேங்க் மூடியில் விரிசல் இருந்தால் அடைத்து, காற்றுக்குழாயின் வாயில் கொசுவலையைக் கட்ட வேண்டும். வீட்டு ஓரத்துச் சாக்கடை ஓடாமல் நின்றால் ஊராட்சியிடமோ நகராட்சியிடமோ சொல்லி ஓடவைக்க வேண்டும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் சாயங்காலம் திண்ணையில் உட்காரும்போது கை கால் மூடிய துணி போடச் சொல்லி, இரவில் அவர்கள் கட்டிலுக்குக் கொசுவலை போடுங்கள்.